முன் சீட்டில் கேனோதா

ஒரு ஸ்க்ரூவைக் கழற்றுவதற்கு முன்னால் அது எதற்காக அங்கே இருக்கிறது என்று கேட்டு, திருப்தியான பதில் வராவிட்டால் ஸ்க்ரூ டிரைவரைத் திரும்பப் பைக்குள் போட்டுவிடும் மெக்கானிக் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் கல்கத்தாவில், பவானிபூரில், எங்கள் வீட்டிலிருந்து நாலாவது கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் கடை வைத்திருந்தார். கார்களுக்கு வயரிங் வேலை. சொந்தப் பெயர் என்னவென்று எனக்குக் கடைசிவரை தெரியாது. வங்காளிகள் வைத்த பெயர் கேனோதா. 'கேனோ' என்றால் ஏன். 'தா' என்றால் அண்ணன். ஆளோ தமிழர்தான். அப்பா காலத்திலேயே ரயில்வே வேலைக்காகக் கரக்பூர் வந்துவிட்ட குடும்பம்.

ஒரு துணிக்கடைக்காரர் தன் காரிலிருந்த இரண்டாவது ஹாரனை எடுத்துவிடச் சொன்னார். "ஏன் போட்டீங்க?" என்றார் கேனோதா. போட்டது அவர் இல்லை, அவருடைய அண்ணன். அண்ணன் ஏன் போட்டார்? அவர் கான்பூரில் இருக்கிறார். கேனோதா கான்பூருக்கு ஒரு போஸ்ட் கார்டு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். பதில் வர இருபது நாள் ஆயிற்று. அதில் 'ஞாபகம் இல்லை' என்று இருந்ததாம். ஹாரனை அவர் எடுக்கவே இல்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. ரிப்பேருக்கு வந்த காரின் சீட்டில் உட்கார மாட்டார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ரோட்டில் குந்துவார், படுப்பார், தலையை மட்டும் உள்ளே நுழைப்பார். "சீட்ல உக்காந்தா ஓனர் மாதிரி புத்தி போயிடும் சார். அப்புறம் வயர் கண்ணுக்குத் தெரியாது" என்பார். கார் ஓட்டவும் அவருக்குத் தெரியாது.

இப்பேர்ப்பட்டவரிடம் நான் ஏன் போனேன் என்றால், அதற்கு என்னுடைய அசட்டுத்தனத்தை முதலில் சொல்ல வேண்டும்.

எண்பதுகளின் ஆரம்பம். சணல் கம்பெனி ஒன்றில் நான் ஆபீசர். மனைவி கோமதி முழுகாமல் இருந்தாள். மெட்ரோவுக்காகத் தெருவெல்லாம் தோண்டிப் போட்டிருந்த காலம். அவசரத்துக்கு டாக்ஸி கிடைக்காது. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போக ஒரு வண்டி வேண்டும் என்று தரகர் மூலமாக ஒரு பழைய அம்பாசடர் வாங்கினேன். அலிப்பூரில் ஒரு வக்கீல் வீட்டு வண்டி. வக்கீல் காலமாகிவிட்டார் என்றார் தரகர். தரகர் பக்கத்தில் உட்கார்ந்து வர, நானே ஓட்டிக்கொண்டு வீடு வந்தேன். வண்டி வழுக்கிக்கொண்டு வந்தது.

டேஷ்போர்டுக்குக் கீழே சிவப்பாக ஒன்று, பச்சையாக ஒன்று, இரண்டு குட்டி பல்புகள் இருந்தன. சிவப்பு விட்டுவிட்டு மினுக்கும். பச்சை ஏறக்குறைய அணையவே அணையாது. எதற்கு என்று எனக்குத் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லும் பழக்கம் எங்கள் வம்சத்திலேயே கிடையாது. "சிவப்பு, இன்ஜின் சூடு. பச்சை, பெட்ரோலோட சுத்தம். எல்லாம் ஜெர்மன் சமாசாரம்" என்று ஆபீசில் அடித்து விட்டேன். கல்கத்தா பெட்ரோல் இவ்வளவு சுத்தமா என்று எங்கள் ஹெட் கிளார்க் வியந்து போனார்.

சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கோமதியைக் காளிகாட் வரை கூட்டிப்போய் வந்தேன். ஒரு குறையும் இல்லை. திங்கட்கிழமை காலை ஆபீசுக்குத் தனியாகக் கிளம்பினேன். கர்ர்ர் என்றது, இன்ஜின் பிடிக்கவில்லை. தெருவில் கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து தெருக்கோடி வரை தள்ளினார்கள். கோடியிலும் பிடிக்கவில்லை. ஹாஸ்ரா முனையிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தேன். அவர் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, "சாலான்" என்றார். ஓட்டினேன். பட்டுப்போல ஓடியது. ஒரு சுற்று சுற்றிவிட்டு, "கிச்சு ஹொய் நி", ஒன்றுமே ஆகவில்லை, என்று கையை விரித்துவிட்டு இறங்கினார். அவர் இறங்கியதும் இன்ஜின் நின்றது. நான் அணைத்தேன் என்று அவர் நினைத்தார், அவர் ஏதோ செய்தார் என்று நான் நினைத்தேன். அவர் தெரு திரும்பியதும் சாவியைத் திருப்பினேன். கர்ர்ர்.

இப்படி மூன்று மெக்கானிக்குகள். மூவரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வண்டியில் கோளாறே இல்லை என்றார்கள். மூன்றாமவர் என்னை மேலும் கீழும் பார்த்த பார்வையில், கோளாறு எங்கே என்று அவர் முடிவு செய்துவிட்டது தெரிந்தது. நானும் அந்த முடிவுக்குத்தான் வந்தேன். எனக்கு ஏழரைச் சனி நடந்துகொண்டிருந்தது.

"ஏன்னா, நான் பக்கத்துல உக்காந்தா ஓடறதே?" என்றாள் கோமதி.

"உன் ஜாதகத்துல குரு உச்சம்" என்றேன்.

அதை உறுதி செய்வதுபோல் இன்னொன்றும் நடந்தது. கோமதியை லேக் மார்க்கெட்டில் அவளுடைய சிநேகிதி வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, அடுத்தாற்போலிருந்த கடையில் ஐம்பது கிலோ அரிசி மூட்டையை வாங்கி முன் சீட்டில் போட்டுக்கொண்டேன். வீடு வரை தனியாகவே ஓட்டினேன், வண்டி ஓடியது. அன்னலட்சுமி கூட இருந்தால் சனி என்ன செய்வான் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். எம்.ஏ. படித்தவன் நான்.

அப்புறம் தினமும் கோமதி என்னோடு டல்ஹௌசி வரை வருவாள். என்னை ஆபீசில் விட்டுவிட்டு டிராமில் வீடு திரும்புவாள். சாயங்காலம் மறுபடி டிராம் ஏறி வந்து என்னை வீட்டுக்கு அழைத்துப் போவாள். கார் வாங்கிய பிறகு அவள் டிராமில் போனது கார் இல்லாத நாளில் போனதைவிட அதிகம். பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்களோ, "கீ பாலோபாஷா!" என்று எங்கள் காதலை எண்ணி உருகினார்கள். காரணம் சனீஸ்வரன் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது?

கோமதிக்கு ஏழாம் மாதம் முடிந்ததும் டாக்டர் அம்மா டிராமை நிறுத்தச் சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் வண்டியைக் கோமதி துணையோடு கேனோதா கடை வாசலில் கொண்டு நிறுத்தினேன்.

"என்ன சார் கஷ்டம்?"

"இந்த பல்பு, வயர் எல்லாத்தையும் எடுத்துடுங்கோ. வண்டி அப்பப்போ நின்னுபோறது."

"எப்ப நிக்குது?"

பெண்டாட்டி இல்லாமல் என் கார் என்னை மதிப்பதில்லை என்று ஒரு மனிதன் நடுத்தெருவில் சொல்ல முடியுமா? "எப்பவாவது" என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன மிகப் பெரிய முட்டாள்தனமான பதில் அதுதான்.

கேனோதா ரோட்டில் மல்லாந்து தலையை உள்ளே விட்டார். என்னை ஹாரன் அடிக்கச் சொன்னார். சிவப்பு எரிந்தது. நிறுத்தச் சொன்னார். அணைந்தது. "சார், இது ஹாரனுக்குக் கட்டின பல்பு. நீங்க ஹாரன் அடிக்கிறீங்கன்னு உங்களுக்கே சொல்லுது. ஏன்?" என்றார். இன்ஜின் சூட்டைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

பச்சை பல்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனார். அது கால்மிதிக்கு அடியில் ஓடி, டிக்கிக்குள் போய், சோப்பு டப்பா அளவில் ஒரு தகரப் பெட்டிக்குள் நுழைந்தது. திறந்தால் உள்ளே டிரான்சிஸ்டர்கள். அதிலிருந்து இன்னொரு கம்பி, பின் கண்ணாடி ஓரத்தில் சல்லடை மாதிரி ஒரு வில்லையில் முடிந்தது.

"மைக்கு சார்" என்றார் கேனோதா நிதானமாக.

நான் அந்தக் காரில் என்னவெல்லாம் பேசியிருக்கிறேன்! எங்கள் ஜெனரல் மேனேஜரின் முழியைப் பற்றி, அவர் மச்சானுக்குக் கொடுத்த கான்ட்ராக்டைப் பற்றி. யாரோ உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறான்!

"இப்பவே அறுத்துடுங்கோ!" என்று கத்தினேன்.

"ஆரே, ஏன் போட்டாங்கன்னு தெரியாம எப்படி சார் அறுக்கறது? இதோ பாருங்க, இடது பக்கமா இன்னும் ஒரு ஜோடி வயர் கார்பெட்டுக்குள்ள போவுது. அது எங்கே போவுதுன்னும் தெரியல. பழைய ஓனரைக் கேக்கணும்."

ஆர்.சி. புத்தகத்தில் இருந்த விலாசத்தைத் தேடி அலிப்பூருக்கு நடந்தே போய்விட்டு வந்தார். வீடு பூட்டியிருந்தது. வக்கீலின் மனைவி காசிக்குப் போயிருக்கிறார், லட்சுமி பூஜைக்குத்தான் வருவார் என்று காவல்காரன் சொன்னானாம். "வரட்டும், கேட்டுக்கலாம்" என்று கேனோதா பையைக் கட்டிவிட்டார்.

கோமதியை டாக்டர் அம்மாவிடம் காட்டிவர அந்த வண்டியில்தான் போக வேண்டியிருந்தது. வழியெல்லாம் நான் மைக்குக்குக் கேட்கும்படி, "நம்ம ஜி.எம். மாதிரி ஒரு உத்தமரைப் பார்க்க முடியாது கோமு" என்று பேசிக்கொண்டு போனேன். முனிசிபாலிட்டியைப் புகழ்ந்தேன். மெட்ரோப் பள்ளங்களைக்கூடப் புகழ்ந்தேன். கோமதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒவ்வொரு டிராம் தண்டவாளத்திலும் நாங்கள் துள்ளும்போது இன்ஜின் ஒரு விக்கல் விக்கியது. அது ஏன் என்று யோசிக்க எனக்கு நேரம் இல்லை.

மாமியார் கும்பகோணத்திலிருந்து வந்து இறங்கினாள். துர்கா பூஜை நெருங்கியது. டாக்டர் அம்மா சொன்ன நாளும் நெருங்கியது. வண்டி சமயத்தில் காலை வாரிவிடுமோ என்று எனக்குத் தூக்கம் போயிற்று. கேனோதாவிடம் தினமும் போய்க் கெஞ்சினேன். "எல்லாத்தையும் அறுத்து எறிஞ்சுடுங்கோ கேனோதா, உங்களுக்குப் புண்ணியமா போகும்." அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "அறுக்க ஒரு நிமிஷம் போதும் சார். அப்புறம் அந்த வயர் எதுக்குன்னு யாரும் சொல்ல முடியாது" என்றார். அன்றைக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அஷ்டமியன்று காலை பத்து மணிக்குக் கோமதிக்கு வலி எடுத்துவிட்டது.

தெரு முழுக்கப் புதுத்துணி கட்டிய கூட்டம். பந்தலில் டாக் மேளம் இடிபோல முழங்குகிறது. டாக்ஸி என்ற பேச்சுக்கே இடமில்லை. கோமதியைப் பின் சீட்டில் மாமியார் மடியில் படுக்க வைத்து, நான் முன்னால் தனியாக உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். கர்ர்ர். மறுபடியும் கர்ர்ர்.

"என்ன மாப்பிள்ளை, கிளம்பலையா?" என்றாள் மாமியார்.

"சனி" என்றேன். அழுகை வந்துவிட்டது.

பூஜைக்குக் கடையை மூடிவிட்டு வாசலில் நின்றிருந்த கேனோதாவைக் கண்டு கூப்பாடு போட்டேன். புது வேட்டியோடு ஓடி வந்தார். வழக்கம்போல இடது கதவைத் திறந்து ரோட்டில் குந்தினார். கூட்டம் அவர்மேல் இடித்துத் தள்ளியது. பின்னாலிருந்து கோமதி அலறினாள்.

"குந்திண்டு என்னத்தைத் தேடறேள்? ஏறி உக்காந்து பாருங்கோளேன்!" என்று மாமியார் போட்ட அதட்டலில், கேனோதா அவ்வளவு வருஷமாகக் காத்த விரதத்தை மறந்து சீட்டில் தொப்பென்று உட்கார்ந்தார். நான் சாவியைத் திருப்பினேன். இன்ஜின் பிடித்துக்கொண்டது.

"போனெட்டைப் பாத்துடறேன்" என்று அவர் எழுந்தார். நின்றுவிட்டது. உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினேன், பிடித்தது. பாதி எழுந்தார். நின்றது. உட்கார்ந்தார். அவருடைய முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

"சீட்டுக்குள்ள சுவிட்ச் சார்! ஆள் உக்காந்தாத்தான் கரன்ட்டு! கிளம்புங்க, நான் எழுந்திரிக்க மாட்டேன்!"

கிளம்பினோம். கேனோதா இரண்டு கையாலும் சீட்டின் அடியைப் பிடித்துக்கொண்டு, உடம்பின் முழு எடையையும் கீழே அழுத்தி உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர், என் அரிசி மூட்டையைவிடக் கொஞ்சம்தான் கூட இருப்பார். ஜன்னலில் தலையை மட்டும் நீட்டி, "டெலிவரி கேஸ்! ஷோருன், ஷோருன்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். கூட்டம் பிளந்து வழிவிட்டது. டிராம் தண்டவாளம் வந்தபோது, "மாஷிமா, தோளைப் பிடிச்சு அழுத்துங்க!" என்றார். பரபுருஷன் நிழல் பட்டாலே நகர்ந்து போகிற என் மாமியார், ஒரு கையால் மகளைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவருடைய தோளை அமுக்கினாள். விக்கல் வரவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் கோமதியை ஸ்ட்ரெச்சரில் ஏற்றி உள்ளே ஓடினோம். ஓடுகிற அவசரத்தில் கேனோதாவைப் பார்த்து, "இறங்கிடாதீங்கோ!" என்று நான் கத்தினேனாம். எனக்கு நினைவில்லை.

மூன்று மணிக்குப் பெண் பிறந்தாள். தாயும் சேயும் சௌக்கியம் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. வெளியே வந்தேன். போர்ட்டிகோ ஓரத்தில் வண்டி நின்றுகொண்டிருந்தது, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. முன் சீட்டில் கேனோதா, இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்தபடி, நான் விட்டுப்போன அதே நிலையில் இருந்தார். வண்டியை நகர்த்தச் சொல்லி வாட்ச்மேன் கத்தியிருக்கிறான். ஓட்டத் தெரியாது, எழுந்திருக்கவும் முடியாது என்று இவர் சொல்ல, அவன் நாலு பேரைக் கூட்டி வந்து வண்டியை அவரோடு சேர்த்து ஓரமாகத் தள்ளியிருக்கிறான்.

"இவ்வளவு நேரமாவா உக்காந்திருக்கேள்? அணைச்சுட்டு இறங்கியிருக்கலாமே!"

"அப்புறம் கிளம்பாம போச்சுன்னா? அண்ணியை வேற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லிட்டா என்ன சார் பண்றது?" என்றார். பிறகு மெதுவாக, "என்ன குழந்தை?" என்று கேட்டார்.

சொன்னேன். எழுந்திருக்கப் பார்த்தார், கால் மரத்துப்போய் முடியவில்லை. நான் தூக்கி நிறுத்தினேன். இன்ஜின் நின்றது. போர்ட்டிகோவில் அவரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். அவர் ரொம்பச் சங்கடப்பட்டார்.

குழந்தையை வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு கேனோதா சீட்டுப் பஞ்சைப் பிரித்துக் காட்டினார். இரண்டு தகடுகள், ஆள் உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளும், எழுந்தால் விலகும். கார்பெட்டுக்குள் போன அந்த ஜோடி வயர் இங்கேதான் வந்து முடிந்தது. நான் கெஞ்சியபடி அவர் அன்று அதை அறுத்திருந்தால், பக்கத்தில் யானையே உட்கார்ந்தாலும் அஷ்டமியன்று வண்டி கிளம்பியிருக்காது. அதை அவர் என்னிடம் ஒருமுறைகூடச் சொல்லிக் காட்டவில்லை. நானாகவே வெகு நாள் கழித்துப் புரிந்துகொண்டேன். "இப்பவாவது எடுக்கலாமா?" என்றேன். "ஏன் போட்டாங்கன்னு இன்னும் தெரியலியே" என்றார்.

லட்சுமி பூஜை கழிந்து, அவரை முன் சீட்டில் வைத்துக்கொண்டு அலிப்பூர் போனேன். வக்கீலின் மனைவி வெள்ளைப் புடவையில் வாசலுக்கு வந்தார். வண்டியைத் தொட்டுப் பார்த்தார். கேனோதா பெங்காலியில் கேட்கவேண்டியதைக் கேட்டார்.

வக்கீலுக்குக் காது கேட்காது, உதட்டசைவைப் பார்த்தே சமாளிப்பாராம். கோர்ட்டில் ஒருவருக்கும் அது தெரியக்கூடாது என்று பிடிவாதம். தான் அடிக்கும் ஹாரன் தெரியச் சிவப்பு பல்பு. பின்னால் வருகிறவன் அடிக்கும் ஹாரன் தெரிய மைக்கும் பச்சை பல்பும். இத்தனை இருந்தும் ஒருநாள் தனியாகப் போய் டிராமில் சிக்கப் பார்த்தார். அந்த அம்மா மெக்கானிக்கை ரகசியமாகக் கூப்பிட்டுச் சீட்டுக்குள் சுவிட்ச் வைக்கச் சொன்னார். தான் பக்கத்தில் இல்லாமல் அவர் எங்கேயும் போகக்கூடாது என்று.

"அவருக்குக் கடைசிவரை தெரியாது. இந்த வண்டிக்கு என் பெண்டாட்டியைத்தான் பிடிக்கும், என்னை மதிக்காது என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார்" என்றார் அந்த அம்மா. அலிப்பூர் கோர்ட்டையே ஆட்டி வைத்த வக்கீலும் என்னைப் போலவே ஏமாந்திருக்கிறார் என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

அந்த அம்மா ஒருமுறை உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டார். அவரை ஏற்றிக்கொண்டு அந்தத் தெருவை ஒரு சுற்று சுற்றினேன். திரும்பி வந்து அவர் இறங்கினார், இன்ஜின் தானாக நின்றது. அவர் கதவைத் தானே மெதுவாகச் சாத்தினார். பிறகு கேனோதாவைப் பார்த்து, எடுத்துவிடுங்கள் என்றார். கேனோதா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, கம்பியை வெட்டி, கரன்ட்டு எப்போதும் ஓடும்படி இரண்டு முனையையும் சேர்த்து முறுக்கி, டேப் சுற்றினார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"போங்க சார். தனியா போய்ப் பாருங்க" என்றார்.

சாவியைத் திருப்பினேன், உடனே பிடித்தது. பக்கத்தில் யாரும் இல்லாமல், மாதக் கணக்கில் நான் ஏங்கிய அந்தச் சவாரி. சனியும் இல்லை, குருவும் இல்லை. அலிப்பூர் ரோடு காலியாகக் கிடந்தது. கண்ணாடியில் பார்த்தேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேனோதா நடைபாதையில் நின்று, போ போ என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். இப்படியே வீடு வரை போய் மாமியார் முன்னால் தனியாக இறங்கியிருக்கலாம். அடுத்த திருப்பத்திலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து அவருடைய பக்கத்துக் கதவைத் திறந்தேன். வண்டி இப்போது தனியாக ஓடும்தான். அவர் இல்லாமல் ஓட்ட எனக்குத்தான் மனசு வரவில்லை.